டோக்கியோவில் டீம்லேப்: தண்ணீரில் இறங்குவதா, வழி தொலைப்பதா?

"அண்ணா, தண்ணில இறங்கி நடக்குற மியூசியம் ஒண்ணு இருக்காமே, அதுக்கு டிக்கெட் போட்டுடு." இது தங்கையின் முதல் வாட்ஸ்அப். பத்து நிமிடத்தில் அடுத்தது: "இரு இரு, இன்னொண்ணும் இருக்காம். ரெண்டுல எது?"

தங்கை என்றால் சித்தி மகள். அவளும் சித்தியும் அவளுடைய ஆறு வயதுப் பையனும் அடுத்த மாதம் டோக்கியோ வருகிறார்கள். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஃபுஜி மலை ஒரு நாள், அசகுசா கோயில் ஒரு நாள், அப்புறம் "அந்த லைட் மியூசியம்". வழக்கமாக இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவேன். இந்த முறை முடியவில்லை. சித்திக்கு மூட்டுத் தேய்மானம், பையனுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது, தங்கைக்கு இன்ஸ்டாகிராமில் போட நாலு படமாவது வேண்டும், இவர்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே இடம். உட்கார்ந்து யோசித்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் ஆகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தொயோசுவில் இருப்பது டீம்லேப் பிளானட்ஸ், அசாபுதாய் ஹில்ஸில் இருப்பது டீம்லேப் பார்டர்லெஸ். இரண்டும் டீம்லேப் என்கிற ஒரே டிஜிட்டல் கலைக் குழு செய்ததுதான். 2001இல் இனோகோ தொஷியுகியும் அவர் நண்பர்களும் தொடங்கிய குழு அது. ஓவியர்களோடு புரோகிராமர்கள், இன்ஜினியர்கள், கணிதக்காரர்கள், அனிமேஷன் செய்பவர்கள், கட்டடக் கலைஞர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அதில் வேலை செய்கிறது. சிங்கப்பூர் மரீனா பே பக்கம் தாமரை வடிவில் நிற்கிற ஆர்ட்சயின்ஸ் மியூசியத்தில் 2016இல் திறந்த ஃபியூச்சர் வேர்ல்டைப் பார்த்தவர்களுக்கு இவர்கள் கைவண்ணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரே குழு என்பதால் சரவண பவன் கிளைகள் மாதிரி எங்கே போனாலும் ஒரே இட்லி என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளே இருப்பது வேறு வேறு.

இன்னொரு எச்சரிக்கை. யூடியூபில் கிடைக்கிற பழைய வீடியோக்களில் பாதி, ஒதாய்பாவில் இருந்த முதல் பார்டர்லெஸ்ஸில் எடுத்தவை. அது 2018 ஜூனில் திறந்து 2022 ஆகஸ்ட் 31ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. நண்பர் ஒருவர் அந்த வீடியோவை நம்பிக் குடும்பத்தோடு ஒதாய்பா போய் இறங்கி, மியூசியத்தையும் காணோம், பக்கத்தில் இருந்த ராட்டினத்தையும் காணோம் என்று எனக்கு போன் செய்தார். ராட்டினமும் அதே நாளில்தான் மூடியது. பார்டர்லெஸ் திரும்பத் திறந்தது 2024 பிப்ரவரி 9ஆம் தேதி, அசாபுதாய் ஹில்ஸில், தரைக்குக் கீழே.

சரி, பிளானட்ஸ். 2018 ஜூலையில் திறந்தது. உள்ளே போனதும் ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சுருட்ட வராத பேன்ட்டோடு வந்தவர்கள் அரைக்கால் சட்டை இரவல் வாங்கிக்கொள்ளலாம். இருட்டில் ஒரு நடை, காலுக்கடியில் தண்ணீர் ஓடுகிற ஒரு ஏற்றம், அதன் உச்சியில் ஒளியால் ஆன அருவி. நடுவில் ஒரு அறையில் தரை முழுக்க மெத்தை மாதிரி அமுங்கும், காலை வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், பக்கத்தில் ஒருவர் விழுந்தால் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். பையன்களுக்குச் சொர்க்கம். மூட்டு வலிக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம்தான் அந்தத் தண்ணீர் அறை. முழங்கால் அளவுத் தண்ணீர், பால் கலந்தது போல வெண்மையாக இருக்கும், அந்த வெண்மைதான் திரை. அதன் மேல் ஒளியால் ஆன கொய் மீன்கள், அதாவது ஜப்பானிய வண்ணக் கெண்டைகள், நீந்துகின்றன. ஒரு மீன் உங்கள் காலில் வந்து மோதினால் அது பூவாகி உதிர்ந்து பரவுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவை இங்கே கூட்டிப்போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சேலை வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தும் கேட்கவில்லை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல், கரையில் தயங்கி நின்ற நாலு பேரைத் தாண்டி இறங்கிவிட்டார். "நாத்து நடுற வயல் மாதிரிதான் இருக்கு, சேறுதான் இல்ல" என்றார். குனிந்து இரண்டு கையாலும் ஒரு மீனை அள்ளப் பார்த்தார், உள்ளங்கையில் ஒரு கணம் ஆரஞ்சு நிறம் தங்கியது, அது ஒழுகிப் போனதும் சிரித்துக்கொண்டே அடுத்த மீன். "சினிமா மாதிரி ஓட விட்டிருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை. தண்ணீருக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், எப்படி நகர்கிறார்கள் என்பதை வைத்து அந்தந்த நொடியில் கம்ப்யூட்டர் வரைகிறது, போன காட்சி திரும்பி வராது. பூக்கள் கூடப் பருவத்துக்குப் பருவம் வேறு. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, அப்புறம் வேகமாக நடந்து, மீன்கள் என்ன செய்கின்றன என்று சோதித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சேலைக்கரை நனைந்தது தனிக் கதை, தப்பு எங்களுடையது.

ஆனால் பிளானட்ஸில் என் மனதில் நின்றது தண்ணீர் இல்லை, பூந்தோட்டம். 13,000க்கு மேல் ஆர்க்கிட் செடிகள், எல்லாம் உயிருள்ளவை, கூரையிலிருந்து தொங்குகின்றன. நீங்கள் நெருங்கினால் பூக்கள் மேலே எழும்பி உங்களுக்கு இடம் விடுகின்றன, தாண்டிப் போனால் பின்னால் இறங்கி மூடிக்கொள்கின்றன. இந்த வகை ஆர்க்கிட்டுக்கு மண் வேண்டாம், காற்றில் வேர் விட்டு வாழும், அதனால்தான் இது முடிகிறது. தரை கண்ணாடி என்பதால் மேலும் கீழும் பூ. டிஜிட்டல் கலை பார்க்க வந்த இடத்தில் இதில்தான் திரை மிகக் குறைவு, அதனாலோ என்னவோ போனைப் பைக்குள் வைத்துவிட்டு மல்லாந்து படுக்கத் தோன்றுகிறது. இதற்கு நேர் எதிராக, எல்.ஈ.டி. சரங்கள் தொங்குகிற படிக அறை எனக்குப் போட்டோ எடுக்கிற இடமாக மட்டுமே பட்டது. தங்கைக்கு அது போதும்.

2025 ஜனவரி 22 முதல் இங்கே ஒரு புதுப் பகுதி சேர்ந்திருக்கிறது, காடு என்று பெயர். ஏறுவது, குதிப்பது, சறுக்குவது, ஆடுகிற கட்டைகளில் பாலன்ஸ் பிடிப்பது, அழிந்துபோன விலங்குகளை போன் கேமராவால் "பிடித்து" சேகரிப்பது என்று முழுக்க உடம்பு வேலை. இதற்கு முன்னால் எடுத்த விமர்சனங்களில் பிளானட்ஸ் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று இருக்கும், இப்போது அந்தக் கணக்கு செல்லாது. குழந்தையோடு போனால் அரை நாள் ஒதுக்குங்கள். இன்னொன்று, பிளானட்ஸ் நிரந்தரம் இல்லை, 2027 கடைசி வரை என்று அறிவித்திருக்கிறார்கள். முன்பும் முடிவுத் தேதி சொல்லித் தள்ளிப் போட்டவர்கள்தான், இருந்தாலும் அதை நம்பித் தள்ளிப் போடாதீர்கள்.

பார்டர்லெஸ்ஸில் மேப் கிடையாது. கொடுக்க மறந்துவிடவில்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை. பிளானட்ஸின் தண்ணீர்ப் பகுதி உங்களைக் கையைப் பிடித்து ஒரு வழியாக அழைத்துப் போகும். இங்கே உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்புவது, எந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் அறை இருக்கிறது, எல்லாம் உங்கள் பாடு. படைப்புகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நானும் மனைவியும் போன அன்று ஒரு நடைபாதைச் சுவரில் உருவங்கள் வரிசையாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன, மேளம் மாதிரி ஏதோ தூக்கிக்கொண்டு. கை வைத்தால் ஒரு உருவம் நின்று திரும்பிப் பார்த்தது, அப்புறம் தன் போக்கில் நடந்தது. எங்கேதான் போகிறார்கள் என்று பின்னாலேயே போனோம். ஒரு மூலை திரும்பி இன்னொரு அறைக்குள் நுழைந்து அங்கே இருந்த பூக்களுக்கு நடுவே கலந்துவிட்டார்கள். திரும்பி வந்தால் முதலில் பூ பார்த்த அறையில் பூ இல்லை, வேறு என்னமோ ஓடுகிறது. "நாம வேற ரூமுக்கு வந்துட்டோமா?" என்றாள். அதே அறைதான். ஊர்த் திருவிழாவில் சாமி எந்தத் தெருவில் வருகிறது என்று விசாரித்துக்கொண்டே அலைவோமே, கிட்டத்தட்ட அந்த அலைச்சல்.

இந்த அலைச்சல்தான் பார்டர்லெஸ். பிடித்தவர்களுக்கு மூன்று மணி நேரம் போவது தெரியாது. பிடிக்காதவர்கள், "ஒரே ரூமைச் சுத்திச் சுத்தி வர்றோம்" என்று முக்கால் மணியில் வெளியே வந்துவிடுவார்கள், அப்படி வந்த இரண்டு பேரை எனக்கே தெரியும். இரண்டாம் தடவை போனபோதுதான் முதல் தடவை ஒரு அறையை முழுதாகக் கோட்டை விட்டிருந்தது தெரிந்தது. கண்ணாடி உருண்டைகள் நிறைந்த அந்த அறை: ஒரு உருண்டைக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றால் அது ஒளிர்கிறது, அந்த ஒளி பக்கத்து உருண்டைக்குத் தாவி, அதிலிருந்து அதற்குப் பக்கத்துக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது, தூரத்தில் இன்னொருவர் கிளப்பிய ஒளி உங்களைத் தாண்டிப் போகிறது. அதைத் தவறவிட்டால் பாதி டிக்கெட் வீண். ஆகவே உள்ளே இருக்கிற ஊழியர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

இங்கே ஷூவோடு நடக்கலாம், தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. தரை சில இடங்களில் இருட்டு, சில இடங்களில் கண்ணாடி, சுற்றிலும் எல்லாம் நகர்வதால் கொஞ்சம் தலை சுற்றலாம். மைக்ரேன் இருப்பவர்கள் இரண்டு இடத்திலுமே யோசித்துத்தான் போக வேண்டும். உட்கார நல்ல இடம் வேண்டுமென்றால் உள்ளேயே ஒரு டீக்கடை இருக்கிறது, என் டீ ஹவுஸ் என்று பெயர், தனிக் காசு. இருட்டில் மேசைக்கு முன்னால் உட்கார வைத்து டீ ஊற்றுவார்கள். ஊற்றியதும் கோப்பைக்குள் ஒரு பூ மலர்கிறது, கோப்பையைக் கையில் எடுத்தால் இதழ்கள் மேசை மேல் சிதறுகின்றன, திரும்ப வைத்தால் இன்னொரு பூ. டீ இருக்கிற வரைக்கும் பூ. குடித்து முடித்தால் வெறும் கோப்பை. எனக்கு இந்த மொத்த டிஜிட்டல் வித்தையிலும் மிகவும் பிடித்தது இந்தச் சின்ன விஷயம்தான், மனைவியோ டீ ஆறும்வரை குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குழந்தைகளுக்கு இங்கே என்ன? காகிதத்தில் மீன் வரைந்து வண்ணம் தீட்டிக் கொடுத்தால் ஸ்கேன் செய்து சுவர்க் கடலில் விட்டுவிடுவார்கள், தான் வரைந்த மீன் நீந்துவதைப் பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடும், தொட்டால் அது தப்பித்து ஓடும். வரைய விருப்பம் இல்லாத, குதிக்க மட்டுமே தெரிந்த பிள்ளை என்றால் பிளானட்ஸின் காட்டுப் பகுதிக்கு இது ஈடாகாது.

காசு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் நாளையும் நேரத்தையும் பொறுத்து விலை மாறும். பெரியவர்களுக்கு 3,600 யென்னை ஒட்டித் தொடங்கி, கூட்டமான நாட்களில் அதற்கு நன்றாகவே மேலே போகும். நம் கணக்கில் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. மூன்று வயது வரை இலவசம். நுழைகிற நேரத்தைக் குறித்துத்தான் டிக்கெட், உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், வெளியே வந்துவிட்டால் திரும்ப விடமாட்டார்கள். கூட்டம் பற்றி ஒரு வார்த்தை: ஒதாய்பா பார்டர்லெஸ்ஸுக்கு 2019இல் மட்டும் ஏறக்குறைய 22 லட்சம் பேர் வந்தார்கள், பிளானட்ஸுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு வருடத்தில் 25 லட்சத்துக்கு மேல், கின்னஸ் சாதனை. ஆகவே சனி, ஞாயிறு மதியம் என்பதை மறந்துவிடுங்கள். வார நாள், காலையில் முதல் நேரம், அல்லது ராத்திரி கடைசி நேரம்.

போக்குவரத்து எங்கள் நிஷி-கசாயிலிருந்து சொல்கிறேன். பார்டர்லெஸ்ஸுக்கு தோசாய் லைனில் ஏறி கயாபாச்சோவில் மாறி ஹிபியா லைனில் கமியாச்சோ, அங்கிருந்து கட்டடத்துக்கு உள்வழியாகவே போய்விடலாம், மழையானாலும் கவலையில்லை. பிளானட்ஸ் வரைபடத்தில் பார்த்தால் ரொம்பப் பக்கம், ரயிலில் போனால் சுற்று. மொன்ஸன்-நகாச்சோவில் இறங்கி பஸ் பிடிப்பதே நல்லது. யுரிகமோமே ரயிலில் வருகிறவர்களுக்கு ஷின்-தொயோசு ஸ்டேஷன் வாசலிலேயே இருக்கிறது. சாப்பாட்டில் பிளானட்ஸுக்கு ஒரு மதிப்பெண் கூட, அங்கே வீகன் ராமென் கடை இருக்கிறது. ஜப்பானில் காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் மீன் சாறு கலந்திருக்கும், சைவக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த இரண்டையும் விட்டால் வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். ஷின்ஜுகுவுக்கு அடுத்த ஸ்டேஷன் ஹட்சுதாய். அங்கே டோக்கியோ ஓபரா சிட்டி டவரின் நாலாவது மாடியில் ஐ.சி.சி. என்று ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. நடத்துகிற கலைக்கூடம், 1997இல் திறந்தது. மின்னணுக் கலையில் ஆள் நடமாட்டம் குறைவான, காசும் குறைவான இடம். இங்கே எதிரொலியே இல்லாத ஒரு அறை இருக்கிறது. ஒலியை மட்டும் வைத்துச் செய்கிற படைப்புகளை அதில் கேட்கலாம், இருட்டில் தனியாக. வெளியே வந்து மற்றவர்களுக்குக் காட்ட ஒரு படம் கூட இருக்காது. டீம்லேப் உங்களை வாயைப் பிளக்க வைக்கும், ஐ.சி.சி. சில சமயம் "இது என்னய்யா?" என்று கேட்க வைக்கும், நான் தனியாகப் போகிற நாட்களில் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். ஆறு வயதுப் பையனோடு அங்கே போவதை யோசிக்கக்கூட மாட்டேன்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடம். 2024 பிப்ரவரியிலிருந்து அதன் சுவர் முழுக்க இரவில் ஒளிப்படம் ஓட்டுகிறார்கள், 13,904 சதுர மீட்டர், நிரந்தரமாக ஓடுவதில் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் சான்று வாங்கியது. டிக்கெட் கிடையாது. தரையில் உட்கார்ந்து பார்க்கலாம், காட்ஸில்லா வருகிற காட்சியும் உண்டு. கலை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், வாணவேடிக்கைக்கும் திருவிழா சீரியல் லைட்டுக்கும் உறவுக்காரன். ஆனால் இலவசம், சித்தி உட்காரலாம், பையன் ஓடலாம். திரும்பும் வழியில் ஷின்ஜுகு கிழக்கு வாசலில் பெரிய திரையில் வருகிற அந்த 3டி பூனையையும் காட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது.

சரி, முடிவு. அம்மா மாதிரி காலில் பலம் இருக்கிற, முதல் தடவை வருகிறவர்கள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு பிளானட்ஸ் என்பேன். முதல் பத்து நிமிடத்திலேயே வியப்பைக் கையில் கொடுத்துவிடுகிறது, பொறுமை கேட்பதில்லை. கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும், கையில் நேரம் இருக்கிறது என்றால் வார நாள் ராத்திரி பார்டர்லெஸ். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டாம், இரண்டாவதாகப் போகிற இடம் பாவம், அதற்குரிய மரியாதை கிடைக்காது. சித்திக்கு ஏற்றமும் அமுங்குகிற தரையும் ஆகாது, வெறுங்காலில் ஈரத்தரை அதைவிட ஆகாது. ஆகவே பார்டர்லெஸ், புதன்கிழமை காலை முதல் நேரம். ஒரு மணி நேரம் சுற்றியதும் சித்தியை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் இருந்துகொள்கிறேன், தங்கை தன் படங்களை எடுக்கட்டும், பையன் மீன் வரையட்டும். ராத்திரிக்கு மாநகர அரசுக் கட்டடம்.

இதையெல்லாம் சுருக்கித் தங்கைக்கு அனுப்பினேன். "சரிண்ணா" என்று வந்தது. அரை மணி கழித்து பையனின் குரலில் ஒரு வாய்ஸ் நோட்: "மாமா, அப்ப தண்ணி?"

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவனுக்கும் எனக்கும் மட்டும் பிளானட்ஸில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஞாயிறு வேண்டாம் என்று மேலே எழுதியவன் நான்தான், ஆனால் எனக்கு லீவு அன்றைக்குத்தான். மாற்று டிரவுசர் ஒன்று எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.